கடைக்கு கம்ப்யூட்டர் வாங்குமுன்: மதுரை முதலாளிகளுக்கும் மேனேஜர்களுக்கும் ஒரு வழிகாட்டி

கீழமாசி வீதி மளிகை மொத்தக்கடை, கப்பலூர் சிட்கோவில் ஒரு சின்னத் தொழிற்சாலை, அண்ணா நகரில் ஒரு கிளினிக். எந்த இடமானாலும் கம்ப்யூட்டர் வாங்கும் பொறுப்பு பெரும்பாலும் கம்ப்யூட்டர் படிக்காத ஒருவர் தலையில்தான் விழுகிறது. அப்பாவிடமிருந்து கடையை எடுத்துக்கொண்ட மகன், போன மாதம் மேனேஜர் ஆனவர், வருடக்கணக்காகக் கணக்குப் பார்க்கும் அக்கா என்று யாராவது ஒருவர். கொட்டேஷன் வருகிறது. அதில் பாதி எழுத்தும் எண்ணும். கடைசி வரியில் இருக்கும் தொகை மட்டும் புரிகிறது. அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கடைகளில் புராசஸர் (கணக்குப் போடும் முக்கியச் சிப்) வேகம் போதாமல் பில்லிங் நின்றது என்பது அபூர்வம். கரண்ட் போனதால், ஹார்டு டிஸ்க் போனதால், பேக்கப் (டேட்டாவின் பிரதி) இல்லாததால், சர்வீஸுக்கு ஆள் வராததால்தான் நிற்கிறது. அதனால் யு.பி.எஸ். (கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி), டிஸ்க், பேக்கப், வாரண்டி, இவற்றுக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள். மிச்சத்தில் புராசஸர் வாங்கினால் போதும்.

முதல் படி: வேலையை எழுதுங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் ஒவ்வொரு இருக்கைக்கும் என்ன வேலை என்று எழுதுங்கள். பில் போடுபவர், கணக்கு எழுதுபவர், டிசைன் செய்பவர், முதலாளி. ஒவ்வொருவரும் திறக்கும் மென்பொருள்கள், இணைக்கும் கருவிகள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்பது. பார்கோடு ஸ்கேனர், எடைத் தராசு, கைரேகைக் கருவி, ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கன் எல்லாம் பட்டியலில் வர வேண்டும். பின்னால் வரும் முடிவுகளில் பாதி இந்தத் தாளிலிருந்தே கிடைத்துவிடும்.

விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடை பில்லிங் கவுண்டருக்கும், கட்டட வரைபடம் போடும் என்ஜினீயர் அலுவலகத்துக்கும் ஒரே சிஸ்டத்தைப் பரிந்துரைப்பவர், உங்கள் வேலையைக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது படி: இருப்பதை முதலில் பாருங்கள்

புதியது வாங்குமுன் பழையது ஏன் மெதுவாக இருக்கிறது என்று பாருங்கள். கூட்டம் அதிகமாக இருக்கும் நேரத்தில், கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால் சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்று தனித்தனியாக எவ்வளவு பயன்படுகிறது என்று காட்டும். டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்றுகொண்டு, சி.பி.யு. இருபதில் இருந்தால், குற்றவாளி பழைய ஹார்டு டிஸ்க். மெமரி தொண்ணூறுக்கு மேல் இருந்தால் ராம் போதவில்லை. இரண்டையும் மாற்றுவது புது சிஸ்டம் வாங்குவதைவிட மிகவும் மலிவு.

ஆனால் ஒரு கணக்கு குறுக்கே வரும். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய புராசஸரும் இருக்க வேண்டும். ஏ.எம்.டி. நிறுவனத்துப் புராசஸர் என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து. மைக்ரோசாஃப்ட் தரும் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவசச் செயலியை ஓட்டினால் உங்கள் மெஷின் தேறுமா என்று சொல்லிவிடும். தேறினால் எஸ்.எஸ்.டி.யும் (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலான வேகமான டிஸ்க்) ராமும் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டுங்கள். தேறாவிட்டால் அதில் காசு போடாதீர்கள்.

மூன்றாவது படி: பெட்டிக்குள் என்ன இருக்கிறது

மண்டியில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்தான் புராசஸர். அவர் முன்னால் இருக்கும் மேசை ராம். பின்னால் இருக்கும் பீரோ எஸ்.எஸ்.டி. அல்லது ஹார்டு டிஸ்க். மேசை சின்னதாக இருந்தால் ஒவ்வொரு பேரேட்டுக்கும் எழுந்து பீரோவுக்குப் போக வேண்டும். பீரோ கதவு இறுகிக்கிடந்தால் அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை.

ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுற்றும், முள் நகரும். நொடிக்கு நூறு, நூற்றைம்பது எம்.பி. அளவில் படிக்கும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே கிடையாது. சாட்டா வகை நொடிக்கு ஏறக்குறைய 550 எம்.பி. வரை போகும். மதர்போர்டிலேயே (எல்லாப் பாகமும் இணையும் பலகை) செருகும் என்.வி.எம்.இ. வகை 3,000-க்கு மேல் போகும். பில்லிங், கணக்கு வேலைக்கு இந்த இரண்டுக்கும் நடுவே கையில் தெரியும் வித்தியாசம் குறைவு. ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாறுவதில்தான் பெரிய வித்தியாசம். புதிதாக வாங்கும் எந்த சிஸ்டத்திலும் விண்டோஸ் இருக்கும் டிஸ்க் எஸ்.எஸ்.டி.யாகத்தான் இருக்க வேண்டும். 512 ஜி.பி. பெரும்பாலான இருக்கைகளுக்குப் போதும்.

ராம், பில்லிங் கவுண்டருக்கு 8 ஜி.பி., கணக்குக்கும் அலுவலகத்துக்கும் 16 ஜி.பி. டிடிஆர்4, டிடிஆர்5 என்று இரண்டு வகை இப்போது புழக்கத்தில் உண்டு. ஒன்றுக்கான இடத்தில் மற்றது பொருந்தாது. லேப்டாப் வாங்கும்போது "ராம் பிறகு கூட்ட முடியுமா?" என்று கட்டாயம் கேளுங்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ராமை மதர்போர்டோடு சேர்த்தே பற்ற வைத்துவிடுகிறார்கள். வாங்கும் அன்று எவ்வளவோ, கடைசி வரை அவ்வளவுதான்.

பெட்டிக்குள் இருக்கும் பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பற்றி யாரும் கேட்பதில்லை. அசெம்பிள்டு சிஸ்டத்தில் விலையைக் குறைக்க முதலில் கை வைக்கும் இடம் அதுதான். பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ். வெடித்தால் மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். கொட்டேஷனில் அதன் பிராண்டும் வாட்ஸும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நான்காவது படி: புராசஸர் எண்ணைப் படிக்கப் பழகுங்கள்

"ஐ7 சார், குறைந்த விலைக்குத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அடுத்த கேள்வி: "எந்த ஜெனரேஷன்?" ஐ7 என்பது அந்த வருடத்து வரிசையில் அதன் இடம், அவ்வளவுதான். கோடுக்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கம்தான் தலைமுறை. ஐ7-3770 மூன்றாம் தலைமுறை, 2012-இல் வந்தது. ஐ3-12100 பன்னிரண்டாம் தலைமுறை, 2022-இல் வந்தது. இரண்டுக்கும் நான்கு கோர் (வேலை செய்யும் பகுதி), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). ஆனால் புதிய ஐ3 அந்தப் பழைய ஐ7-ஐ வேகத்தில் தாராளமாகத் தாண்டிவிடும். பழையதில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறவும் ஏறாது.

2023 இறுதியிலிருந்து இன்டெல் 'ஐ' எழுத்தை விடத் தொடங்கியது. கோர் 5, கோர் அல்ட்ரா 5 என்று பெயர்கள் வருகின்றன. எண் சிறிதாகத் தெரிவதால் பழையது என்று நினைக்க வேண்டாம். ஏ.எம்.டி. லேப்டாப்களில் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். ரைசன் 5 7520யு என்பதில் மூன்றாவது இலக்கம் 2. அதாவது 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. 7530யு என்றால் ஜென் 3. முதல் இலக்கம் மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தோன்றும்.

பெரிய கம்பெனிகள் கழித்து விட்ட செகண்ட் ஹேண்ட் பிராண்டட் டெஸ்க்டாப்கள் நம் ஊரிலும் நிறையக் கிடைக்கின்றன. அவற்றை வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். உறுதியான கட்டமைப்பு, நல்ல எஸ்.எம்.பி.எஸ். உள்ளவை. பில்லிங்குக்கு எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்டது கிடைத்தால், புது எஸ்.எஸ்.டி. போட்டு, கடைக்காரரிடம் எழுத்தில் வாரண்டி வாங்கிக்கொண்டு எடுக்கலாம். சர்வராக, அதாவது எல்லோருடைய டேட்டாவும் உட்காரும் மெஷினாக, அதை வைக்காதீர்கள்.

ஐந்தாவது படி: கரண்ட், எர்த், வெயில், தூசி

மதுரையில் கம்ப்யூட்டருக்கு எதிரிகள் இந்த நால்வரும்தான். மெஷினைத் தேர்ந்தெடுக்கச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுங்கள்.

எலக்ட்ரீசியனை அழைத்து எர்த் பார்க்கச் சொல்லுங்கள். மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் உள்ள பழைய கட்டடங்களில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்தால் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறது என்றால் எர்த் இல்லை. அந்த நிலையில் எத்தனை லட்சத்துக்கு மெஷின் வாங்கினாலும் பாதுகாப்பில்லை. வேலை செய்பவருக்கும் ஆபத்து.

யு.பி.எஸ். மேல் 600 வி.ஏ. என்று எழுதியிருந்தால் அது 600 வாட்ஸ் கிடையாது. பெரும்பாலும் 360 வாட்ஸ்தான். ஒரு டெஸ்க்டாப், ஒரு மானிட்டர் இரண்டும் சேர்ந்து நூறு வாட்ஸ் சுற்றி இழுக்கும். அதற்கு அது போதும். பில்லை முடித்து முறையாக ஷட்டவுன் செய்ய நேரம் கிடைக்கும். லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் செருகாதீர்கள், சூடேறும்போது அது இழுக்கும் கரண்டைச் சின்ன யு.பி.எஸ். தாங்காது. இன்டர்நெட் ரவுட்டரையும், சிஸ்டங்களை வயரால் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சையும் மறக்காமல் யு.பி.எஸ்.ஸில் போடுங்கள். உள்ளே இருக்கும் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும், வெயிலில் இன்னும் சீக்கிரம். மாற்றிய தேதியை அதன் மேலேயே ஒட்டி வையுங்கள்.

கடைக்கு இன்வெர்ட்டர் இருக்கிறது, யு.பி.எஸ். எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பல இன்வெர்ட்டர்களின் பின்னால் யு.பி.எஸ். மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அது சாதாரண மோடில் இருந்தால் மாறும் இடைவெளியில் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழும். அதை மாற்றி வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் போகும் கரண்ட் சாயங்காலம் வரும் நாள் ஒவ்வொரு பகுதிக்கும் உண்டு. அன்று எந்த யு.பி.எஸ்.ஸும் தாங்காது. அதனால் நான்கு இருக்கை இருக்கும் அலுவலகத்தில் ஒன்றாவது லேப்டாப்பாக இருக்கட்டும்.

சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரையின் கீழ் இருக்கும் குடோன் அலுவலகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். புராசஸர் அளவுக்கு மேல் சூடானால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "மத்தியானம் ஆனா ஹேங் ஆகுது" என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம். கம்ப்யூட்டர் பெட்டியை மூடிய மர அலமாரிக்குள் வைக்காதீர்கள். தரையிலும் வேண்டாம், துடைக்கும் தண்ணீரும் தூசியும் அங்கேதான். வத்தல், மஞ்சள் மூட்டை புழங்கும் மண்டியிலும், நூல் பஞ்சு பறக்கும் இடத்திலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெட்டியைத் திறந்து ஊதிச் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்யுங்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது காற்று போகும் துளைகளை விட்டு மேல் மூடியில் வையுங்கள்.

ஆறாவது படி: பிரிண்டரும் வயரும்

சில்லறைக் கவுண்டருக்கு 80 மி.மீ. தெர்மல் பிரிண்டர் நல்லது. மை செலவு இல்லை, வேகம். ஆனால் தெர்மல் தாளில் எழுத்து மங்கிவிடும். நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டிய நகலுக்கு அதை நம்பாதீர்கள்.

டாட் மேட்ரிக்ஸைப் பழங்காலம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. லாரி புக்கிங் அலுவலகத்திலும் மொத்தக் கடையிலும் ஒரே அடியில் மூன்று நகல் வேண்டும். அதை லேசரால் செய்ய முடியாது. மதுரையில் 1911-இல் தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்திலிருந்து பிறந்த டி.வி.எஸ். எலக்ட்ரானிக்ஸின் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களைத் தமிழ்நாட்டுக் கடைகளில் இன்னும் பார்க்கலாம். ரிப்பன் கிடைக்கிறது, பழுது பார்க்க ஆள் இருக்கிறது. வேலை நடக்கிறது என்றால் மாற்ற வேண்டாம்.

இரண்டுக்கு மேற்பட்ட சிஸ்டங்கள் ஒரே கணக்கு டேட்டாவைத் திறந்தால் வைஃபையை நம்பாமல் வயர் இழுங்கள். கேட் 6 கேபிள், கிகாபிட் ஸ்விட்ச். கேபிள் முழுச் செம்பா, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதா என்று கேளுங்கள். பின்னது மலிவு, முறிந்துபோகும். ஒரு இழுப்பு 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடோன் இருந்தால் ஃபைபர் போடுங்கள். ஐப்பசி இடி மின்னலில் இரு கட்டடங்களுக்கு நடுவே தொங்கும் செம்புக் கேபிள் வழியாக வரும் அதிர்ச்சி இரண்டு பக்கத்து மெஷின்களையும் கொன்றுவிடும்.

புதிதாக வருபவை: எதற்குக் காசு, எதற்குப் பொறுமை

இப்போது விளம்பரங்களில் 'ஏ.ஐ. பிசி' என்று வருகிறது. புராசஸரோடு என்.பி.யு. என்ற தனிப்பகுதி இருக்கும். செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளைக் குறைந்த மின்சாரத்தில் செய்யும். மைக்ரோசாஃப்ட் 2024-இல் அறிவித்த கோபைலட் பிளஸ் வகைக்கு நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்கு செய்யும் என்.பி.யு.வும் 16 ஜி.பி. ராமும் வேண்டும். பில்லிங்குக்கும் கணக்குக்கும் இது இன்று தேவையில்லை. இணையத்தில் நீங்கள் பயன்படுத்தும் ஏ.ஐ. சேவைகள் அவர்களுடைய சர்வரில்தான் ஓடுகின்றன. உங்கள் பழைய லேப்டாப்பிலும் வேலை செய்யும். இதற்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். அதே விலையில் வந்தால் வாங்குங்கள்.

ஸ்னாப்டிராகன் புராசஸர் போட்ட விண்டோஸ் லேப்டாப்களில் பேட்டரி நன்றாக நிற்கிறது. ஆனால் அவை இன்டெல், ஏ.எம்.டி.யிலிருந்து வேறுபட்ட ஆர்ம் வகை. பழைய பிரிண்டர், கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஆகியவற்றுக்கு அந்த வகைக்கான டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) இருக்க வேண்டும். முதல் படியில் எழுதிய தாளை எடுத்து ஒவ்வொரு கருவியாகக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ராம் விலை 2025 இறுதியிலிருந்து கடுமையாக ஏறியது. உலகத்து ராம் சிப்களில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள். ஏ.ஐ. சர்வர்களுக்கான மெமரிக்கு அவை உற்பத்தியைத் திருப்பின. சாதாரண ராமுக்குத் தட்டுப்பாடு வந்தது. அதனால் அதற்கு முந்தைய விலையை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசாதீர்கள். கொட்டேஷன் எத்தனை நாள் செல்லும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

சின்ன டப்பா அளவில் வரும் மினி பிசிகளை நான் மனதாரப் பரிந்துரைப்பேன். மானிட்டருக்குப் பின்னால் மாட்டிவிடலாம், மின்சாரம் குறைவு, கவுண்டரில் இடம் மிச்சம்.

ஏழாவது படி: கொட்டேஷன்

மூன்று கடையில் வாங்குங்கள், ஒரே பட்டியலைக் கொடுத்து. புராசஸரின் முழு எண், ராம் அளவும் வகையும், எஸ்.எஸ்.டி.யின் பிராண்டும் மாடலும், விண்டோஸ் ஹோமா புரோவா, வாரண்டி எத்தனை வருடம், வீட்டு வாசலுக்கு வரும் ஆன்சைட்டா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டியதா. இத்தனையும் எழுத்தில் இல்லாத கொட்டேஷனை விலை ஒப்பிடவே பயன்படுத்தாதீர்கள். "விண்டோஸ் போட்டுத் தர்றேன்" என்றால் லைசென்ஸ் உண்டா என்று கேளுங்கள். திருட்டு விண்டோஸில் உங்கள் பேங்க் கணக்கைத் திறப்பது வேண்டவே வேண்டாம்.

உசிலம்பட்டியிலோ மேலூரிலோ கடை இருந்தால் ஆன்சைட் வாரண்டி அந்த ஊர் பின்கோடுக்கு உண்டா என்று வாங்குமுன் கேளுங்கள். கோயிலைச் சுற்றி இருப்பவர்கள் சித்திரைத் திருவிழாவை மனதில் வையுங்கள். அந்த நாட்களில் வண்டி உள்ளே வராது, சர்வீஸ் ஆளும் வர மாட்டார். ஒரு உதிரி கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் கேபிள், முடிந்தால் ஒரு பழைய சிஸ்டம், தயாராக இருக்கட்டும்.

பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு 18 சதவீதம் வரி. தொழிலுக்கு வாங்கியதில் வழக்கமான பதிவு உள்ளவர்கள் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம். வருமான வரியில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம். நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பாட்டில் இருந்தால் அதில் பாதிதான். அதாவது அக்டோபர் முதல் சில நாட்களுக்குள் வாங்கிப் பயன்படுத்தினால் முழுத் தேய்மானம். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு தேதியை வைத்துக்கொள்ளுங்கள். ஜவுளிக்கடைக்காரர்கள் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எதையும் மாற்றாதீர்கள்.

எட்டாவது படி: மெஷின் வந்த நாள்

பெட்டி மேல் உள்ள சீரியல் எண்ணும் பில்லில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். கம்பெனி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு வாரண்டி தேதியைச் சரிபாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் போனால் புராசஸரும் ராமும் தெரியும். கொட்டேஷனை அருகில் வைத்து ஒப்பிடுங்கள்.

விண்டோஸ் 11 முதல் முறை திறக்கும்போது ஒரு மின்னஞ்சல் கேட்கும். சர்வீஸ் ஆள் அவசரத்தில் தன் மின்னஞ்சலைப் போட்டுவிடுவார். விடாதீர்கள். புது மெஷின்களில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் ஆகலாம், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படலாம். அதைத் திறக்கும் பிட்லாக்கர் சாவி அந்த மின்னஞ்சல் கணக்கில்தான் போய் உட்காரும். ஒரு நாள் மெஷின் சாவி கேட்டால், அவர் நம்பரை மாற்றியிருந்தால், உங்கள் டேட்டாவை யாராலும் மீட்க முடியாது. நிறுவனத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வைத்து, சாவியை அச்சடித்துப் பெட்டகத்தில் வையுங்கள்.

ஒன்பதாவது படி: பேக்கப்

ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான மெஷின்களின் வாரண்டியைவிட அது நீளம். டேட்டா மூன்று பிரதி, இரண்டு வகை இடத்தில், ஒன்று கடைக்கு வெளியே. மெஷினில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் (இணையச் சேமிப்பு) ஒன்று என்று வைத்தால் சரி. வெளி டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்காதீர்கள். டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பேக்கப்பை வேறொரு மெஷினில் ஏற்றி, ஒரு பழைய பில்லைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் உங்களிடம் பேக்கப் இல்லை.

பழைய மெஷினை என்ன செய்வது

பழைய இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன் டிஸ்க்கைக் கழற்றுங்கள். ஃபார்மேட் செய்துவிட்டேன் என்பது போதாது. சாதாரண ஃபார்மேட்டில் வாடிக்கையாளர் பெயரும் பேங்க் விவரமும் மீட்கக்கூடியதாகவே இருக்கும். விண்டோஸ் ரீசெட்டில் டிரைவைச் சுத்தம் செய்யும் தேர்வு இருக்கிறது, அதைப் போடுங்கள். ஓடாத ஹார்டு டிஸ்க் என்றால் துளை போட்டுவிடுங்கள். மின்கழிவு விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். சொத்துப் பட்டியலில் இருந்து பழைய மெஷினை நீக்க அந்த ரசீதை ஆடிட்டரிடம் கொடுங்கள்.